தையல்காரரின் பத்திய நோட்டு

தையல்காரருக்கு உடம்பு பெருத்துவிட்டதை முதலில் அறிவித்தது அவருடைய கால்சட்டைப் பொத்தான்தான். ஒரு வாடிக்கையாளருக்குக் குனிந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அது தெறித்துப்போய்க் கண்ணாடியில் மோதி விழுந்தது.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறீங்க, உங்க சாப்பாட்டுக்கு மட்டும் அளவே கிடையாதா?" என்றாள் மனைவி.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது. "சாப்பாட்டுல குறைச்சாச் சரி, இல்லைன்னா ஊசிதான்" என்றார் டாக்டர். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிறவர்தான். ஆனால் அது துணியைக் குத்துகிற ஊசி.

பக்கத்துக் கடை முடிவெட்டுபவர் தைரியம் சொன்னார். "ஒரு வாரம் வெறும் சூப்பு குடிங்க. நான் அப்படித்தான் இளைச்சேன்."

குடித்தார். ஐந்தாம் நாள் பசி மயக்கத்தில் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்தார்.

மனைவி அவரை உணவு ஆலோசகர் அம்மாளிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த அம்மாள் சிரித்தார். "அவர் உடம்பு வேற, உங்க உடம்பு வேற. ஒரு மாசம் நோட்டு எழுதுங்க. என்ன சாப்பிட்டீங்க, உடம்பு எப்படி இருந்துச்சு. எது ஒத்துக்குதோ அதுதான் உங்களுக்குப் பத்தியம்."

தையல்காரர் துள்ளாத குறைதான். நோட்டும் தன்னுடையது, பேனாவும் தன்னுடையது. அப்புறம் யார் கேட்பது?

திங்கள்: அவித்த பீன்ஸ். நெஞ்சு படபடப்பு.
செவ்வாய்: வெள்ளரிக்காய். இடது காது அடைத்துக்கொண்டது.
புதன்: கீரை. காரணமில்லாமல் அழுகை வந்தது.

புதன்கிழமை மாலையே நோட்டை மனைவியிடம் நீட்டினார். "பாரு. பச்சையா எதுவும் எனக்கு ஒத்துக்கலை. உருளைக்கிழங்கு வறுவல், கட்லெட், கேக்கு, இதையும் போட்டுப் பார்த்தாத்தானே தெரியும்?"

சண்டைக்குத் தயாராக நின்றார். அவள் நிதானமாகப் படித்தாள். காது அடைத்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"சரிங்க. நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்."

வியாழக்கிழமை தட்டில் பொன்னிறமாக வறுவல் வந்தது.

"ருசி கொஞ்சம் மாறின மாதிரி இருக்கே?"

"சூப்பு குடிச்சு செத்துப்போன நாக்குங்க. அப்படித்தான் இருக்கும்."

நியாயமாகப் பட்டது. வறுவலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'காது திறந்துவிட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்' என்று எழுதினார். கட்லெட் சாப்பிட்ட நாளெல்லாம் ஒரே வரிதான்: 'சிங்கம் மாதிரி இருந்தேன்.'

மாதம் முடிந்தது. எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. தையல்காரர் ஆலோசகர் அம்மாளின் மேஜைமேல் நோட்டை வெற்றியோடு வைத்தார்.

"பார்த்தீங்களாம்மா? என் உடம்பு தனி ரகம். வறுவல்தான் எனக்கு மருந்து!"

மனைவி கைப்பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். "சாப்பிட்டதா அவர் நினைச்சது அதுல இருக்கும்மா. சாப்பிட்டது இதுல இருக்கு."

அந்த அம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். "உருளைக்கிழங்கு வறுவல்... நூல்கோல், ஒரு சொட்டு எண்ணெய். கேக்கு... கேரட்டும் முட்டையும், சர்க்கரை இல்லை. கட்லெட்... பீன்ஸ்."

"பீன்ஸா!" தையல்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பீன்ஸ் எனக்கு ஆகவே ஆகாதே! படபடப்பு வருமே!"

"பதினோரு தடவை சாப்பிட்டிருக்கீங்க. பதினோரு தடவையும் சிங்கம்னு எழுதியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?" என்றார் ஆலோசகர் அம்மாள்.

தையல்காரர் கூரையைப் பார்த்தார். தன் கையெழுத்தில்லை என்று சொல்ல முடியாது. காது அடைத்தது பொய் என்றும் மனைவி எதிரில் சொல்ல முடியாது.

"அமோகமா ஒத்துக்குது. இதையே தொடருங்க" என்று சொல்லி அந்த அம்மாள் நோட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் மனைவி காலிப் பையை அவர் கையில் திணித்தாள்.

"போற வழியில மூணு கிலோ பீன்ஸ் வாங்கணும். நீங்களே தூக்குங்க, சிங்கம்தானே?"