அதுக்கு முன்னாடி சார்

பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே கிறிஸ்துமஸை வம்புக்கு இழுத்த கிறிஸ்தவர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவரும் போயும் போயும் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தார்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி எங்கள் சந்து. ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியாரான அவரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'அதுக்கு முன்னாடி சார்'. டிசம்பர் இருபத்தஞ்சு என்று வாயைத் திறந்தால் போதும். "அதுக்கு முன்னாடி அது ரோமாபுரியில சூரியனோட பொறந்தநாளுங்க!" கிறிஸ்துமஸ் மரமா? "அதுக்கு முன்னாடியே குளிர் நாட்டுக்காரன் பனிக்காலத்துல பச்சைக் கிளைய வீட்டுக்குள்ள வச்சான். எல்லாம் செத்துடல, மறுபடி துளிர்க்கும்னு ஒரு தைரியம்."

சுவாரசியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பேக்கரி க்யூவில் நின்றுகொண்டா சொல்வது? கட்டை மாதிரி செய்த கேக்கைப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் எந்த ஊரில் எந்தக் கட்டையை எரித்தார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் கூட்டம் ரோடு வரைக்கும் போய்விட்டது. பேக்கரிக்காரர் கும்பிட்டார். "சார், அரை கிலோவா ஒரு கிலோவா, அத மட்டும் சொல்லுங்க!" ஆசிரமத்துக்கு வந்து தங்கி, ஈஸ்டருக்கு முட்டையில் கலர் பூசிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தர், முட்டையின் பூர்வீகத்தைப் பாதி கேட்டதுமே கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். சார் அசரவில்லை. மீதியையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

அவர் மனைவி இருந்தவரைக்கும் இவ்வளவு மோசமில்லை. இவர் ஆரம்பித்ததும் உள்ளேயிருந்து குரல் வரும்: "போதும், விடுங்க. சோறு ஆறுது." உடனே நிறுத்திவிடுவார். மாடியில் நட்சத்திரம் கட்டுவதும் அந்த அம்மாதான். அவர் போன பிறகு நட்சத்திரமும் இல்லை, சாரை நிறுத்த ஆளும் இல்லை. ஒரே மகன் கனடாவில்.

டிசம்பரில் சர்ச் பாட்டுக் குழு டிரம்மும் கிடாருமாக வீடு வீடாக வரும். பாடி முடித்தால் வீட்டுக்காரர் கேக்கும் டீயும் கொடுப்பார். ஒரு வருஷம் கூட வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவையே சார் பிடித்து உட்கார வைத்துவிட்டார். "உங்களுக்கு முன்னாடி குளிர்காலத்துல யாரு வந்தாங்க தெரியுங்களா?" கேட்டுக் கேட்டு தாத்தாவுக்கு வேர்த்துக் கொட்டி, பஞ்சுத் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதோடு சரி. அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் சந்து வந்ததும் டிரம்மைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்துபோனார்கள். மேலே சார் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கேக்கை வெட்டாமல் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

கடைசி வருஷம் அவரே கடைக்கு இறங்கி வந்தார். "அவங்ககிட்ட சொல்லுங்க, நான் வாயே திறக்கமாட்டேன். ஒரு பாட்டு பாடிட்டுப் போனாப் போதும்."

போன் போட்டேன். "அண்ணே, உங்க ஏரியாவ மதியமே முடிச்சிட்டமே! வேன் கீழ்பென்னாத்தூர் வந்துடுச்சு" என்றார் குழுக்காரர்.

இதை எந்த வாயால் போய்ச் சொல்வது? "நாமளே போலாம் வாங்க" என்றாள் என் மனைவி விமலா. டீக்கடை மாஸ்டரும் ஆட்டோ முருகேசனும் சேர்ந்துகொண்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு வாங்கி மிச்சமிருந்த அகல்களை ஏற்றி, விமலா ஆளுக்கொன்று கையில் கொடுத்தாள். மாடி ஏறிய பிறகுதான் உறைத்தது, எங்களில் ஒருத்தருக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு தெரியாது! அதற்குள் சார் கதவைத் திறந்துவிட்டார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிற முருகேசன், பதற்றத்தில் தனக்குத் தெரிந்ததை எடுத்துவிட்டான்: "அண்ணாமலையானுக்கு..."

"அரோகரா!" என்றோம் நாங்கள், தொண்டை கிழிய.

சார் எங்கள் கையிலிருந்த விளக்குகளையே பார்த்தார். கொடுத்த வாக்கெல்லாம் பறந்துவிட்டது. "அதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தார்.

"போதும் சார், விடுங்க. கேக்க வெட்டுங்க" என்றாள் விமலா.

அப்படியே நின்றுவிட்டார். கண் நிறைந்துவிட்டது. "அவளும் இப்படித்தாம்மா சொல்லுவா" என்றார். கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவ பாடுங்க" என்றார். பாடினோம்.

அடுத்த வருஷம் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். பச்சைக் கிளை, பனிக்காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அந்தக் குளிருக்கே குடிபோனார். அங்கே அவர் பேச்சை யார் கேட்கிறார்களோ தெரியவில்லை. போகும்போது அந்த அம்மாவின் நட்சத்திரத்தை என்னிடம் கொடுத்தார். டிசம்பர் வந்தால் அதைக் கடை வாசலில் கட்டுகிறேன்.

"நெத்தியில விபூதி, கடையில நட்சத்திரமா? என்னண்ணே இது?" என்று யாராவது கேட்பார்கள். "அதுக்கு முன்னாடி மேல ஒருத்தர் இருந்தாருங்க..." என்று நான் ஆரம்பிப்பேன். உள்ளேயிருந்து விமலா குரல் கொடுப்பாள்: "போதும், விடுங்க. அவரு ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்காரு."

நிறுத்திவிடுவேன். ஆனால் விளக்கில்லாத அந்த மேல்மாடியைப் பார்க்கும்போதெல்லாம், அவர் ஒரே ஒரு தடவை வந்து ஆரம்பித்தால் போதும், நிறுத்தச் சொல்லவே மாட்டேன் என்று தோன்றும்.