கண்ணாடிக்குக் காவல் இருந்த கதை

டேங்க் கண்ணாடியை உடைத்தவன் பாஷாதான். வேறு எவனும் இல்லை. சேதராப்பட்டு சோப்பு ஃபேக்டரியில், சூப்பர்வைசர் முன்னால், இருபது பேர் காதுபட இப்படிச் சொன்னேன். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. புத்தி அதில் பாதிகூட இல்லை.

சோப்புக் குழம்பு கொதிக்கும் மூடிய டேங்க் அது. நுரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க, பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு தடித்த கண்ணாடி. சுற்றிலும் எட்டு போல்ட். சைட் கிளாஸ் என்போம். ஒரே மாதத்தில் இரண்டு கண்ணாடிகள் விரிசல் விட்டன. இரண்டும் என் ஷிப்டில். எனக்கு முந்தின ஷிப்ட் பாஷா. வில்லியனூர்க்காரன், என்னைப் போலவே கான்ட்ராக்ட். என்னைப் பார்த்தால் சிரிப்பான். எதற்குச் சிரிக்கிறான்? (காரணமில்லாமல் சிரிப்பவனை இன்றைக்கும் நான் நம்புவதில்லை.)

மூன்றாவது கண்ணாடி மாட்டியதும், பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கி எட்டு போல்ட்டிலும் கோடு இழுத்தேன். எவனாவது திருப்பினால் கோடு உடையும். மறுநாள் மூன்று கோடு உதிர்ந்திருந்தது. சூட்டில் சுண்ணாம்பு தானாகவே உதிரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேராகப் போய்ப் போட்டுக்கொடுத்தேன். விசாரிக்கும்வரை வேலை இல்லை என்று பாஷாவை வெளியே அனுப்பினார்கள்.

"நான் உனக்கு இன்னாண்ணே பண்ணேன்?" என்றான்.

"நடிக்காதடா" என்றேன்.

அடுத்தடுத்து இருந்த அந்த மூன்று போல்ட்டையும், ஸ்பேனரில் பைப் சொருகித் தொங்கி முறுக்கினேன். கறை போகக் கம்பி நாரால் தேய்த்தேன். எப்போதும் ஷிப்டுக்கு ஒரு தரம் ஈரத்துணியால் துடைப்பவன், இப்போது மணிக்கொரு தரம் துடைத்து உற்றுப் பார்த்தேன். நாலாம் நாள், துணி கண்ணாடிமேல் இருக்கும்போதே 'டக்' என்றது. மேலிருந்து கீழ்வரை விரிசல். சூடான நுரை சீறியது. நான் ஓடிக்கொண்டே, பாஷா உடைத்துவிட்டான் என்று கத்தினேன். (அவன் நாலு நாளாக வில்லியனூரில் வீட்டில் இருக்கிறான்.)

வெளியிலிருந்து வந்த ஃபிட்டர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, பைப்பு போட்டு ஒரே பக்கமா முறுக்கினியா?"

"இறுக்கமா இருக்கட்டும்னு..."

"கம்பி நாரு?"

"பளிச்சுனு தெரியணுமில்ல?"

"கொதிக்கிற கண்ணாடில ஈரத்துணியும் வெச்சிருக்க. ஒண்ணு பண்ணாலே உடையும், நீ மூணையும் பண்ணிட்ட. இதுல அந்த பாஷாவுக்கு நீ வேலையே வெக்கலியேப்பா."

பாஷா திரும்பி வந்தான். கேட் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் சிரித்தான். இப்போது வீட்டில் சீப்பு காணோம் என்றால்கூட என் மகள், "பாஷா மாமா எடுத்துட்டாராப்பா?" என்கிறாள். பாஷா எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதே கேட்கிறாள்.

தப்பு என்னுடையது. ஆனால் சூப்பர்வைசர் சார், ஃபிட்டர் கேட்டதும் உங்கள் டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தீர்களே! ஈரத்துணி கூடாது, போல்ட்டை எதிரெதிராக முறுக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. அதை ஏன் எங்களில் ஒருவனுக்கும் காட்டவில்லை? என் ஒரு வார்த்தையை நம்பி ஒருத்தனை ஏன் வெளியே தள்ளினீர்கள்? பதிலை ரூமுக்குள் கூப்பிட்டுச் சொல்லவேண்டாம். ஷிப்ட் மாறுகிற நேரத்தில், எல்லாரும் நிற்கும்போது வந்து சொல்லுங்கள்.