செய்மதிக்கு மேகமாகத் தெரிந்த என் வயல்

குறிஞ்சாக்கேணி, கிண்ணியா.
செப்டம்பர் 15, திங்கள்

அன்பின் மச்சான் றுவைஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் என் மனைவியாகிய உங்கள் ராத்தா றஹ்மாவும் பிள்ளைகளும் நல்ல சுகம். கொழும்பில் நீங்களும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். சுகமில்லாதது வயல் மட்டும்தான். அதற்கு நீங்கள்தான் காரணம் என்று எழுத எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

சிறுபோகத்தில் என் இரண்டு ஏக்கரும் தண்ணீரில்லாமல் கருகியது உங்களுக்குத் தெரியும். கருகிய வயலுக்கு இலவச விதைநெல் என்றார்கள், விவசாயக் கந்தோருக்குப் போனேன். அங்கே கௌசிகா என்றொரு பிள்ளை, தங்கமான பிள்ளை, கணினியைத் திருப்பிக் காட்டினா. "ஐயா, வானத்தில சுத்திப் படம் பிடிக்கிற செய்மதிக் கணக்கில ஒரு பட்டியல் உங்கட வயல் கருகினது எண்டுது, மற்றது பச்சை எண்டுது. ரெண்டுக்கும் தலைப்பு தெறிப்புத்திறன்தான்." அதெப்படிப் பிள்ளை என்றேன். "ஒண்டு நிலத்தில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மட்டும். மற்றதில இடையில இருக்கிற காத்து, தூசி, கடல் ஈரம் தெறிக்கிறதும் சேரும். எது எதெண்டு ஒருத்தரும் எழுதேல்லை." முப்பது வருடம் தபால் கந்தோரில் பார்சல் நிறுத்துப் பார்த்தவன் நான், பெட்டியோடா, பெட்டி இல்லாமலா என்று குறிக்காமல் ஒருநாளும் முத்திரை குத்தியதில்லை. இதை யார் தெளிவாக்க வேண்டும் என்று கத்தினேன். "எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமெண்டு வரைவிலக்கணம் எழுதக் கொழும்பில குழு இருக்கு ஐயா. செயலாளர் றுவைஸ் எண்டு ஒருத்தர்." கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

சென்ற வியாழன் காலை பத்தரைக்கு செய்மதி மேலால் போகும் என்று அந்தப் பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டா. பயிரில்லை என்று நேரிலேயே காட்டுவோம் என்று போய் நின்றால், பின்னாலேயே ஊர் முழுக்க வந்துவிட்டது. வந்தவர்களை வெயிலில் நிறுத்தலாமா என்று உங்கள் ராத்தா கேட்க, கலியாணத்துக்கு டென்ட் வாடகைக்கு விடும் ஹஸ்மி வயல் நெடுக வெள்ளை டென்ட் அடித்துவிட்டார். பிளேன்ரீ, றோல்ஸ் எல்லாம் நடந்தது. இன்று போய்க் கேட்டால் கௌசிகா தலையில் கைவைக்கிறா. "அண்டைக்கு உங்கட வயலுக்கு மேல மேகம் எண்டு பதிஞ்சிருக்கு ஐயா. பாவிக்க ஏலாது." மேகம் இருந்திருந்தால் என் நெல் ஏன் மச்சான் கருகியது?

வெள்ளிக்கிழமையோடு விநியோகம் முடிகிறது. விதைநெல் கிடைக்காவிட்டால் பெரும்போகமும் போச்சு, வருடம் முழுக்க அரிசி விலைக்கு வாங்க வேண்டியதுதான். எட்டு மாதமாகக் குழுக் கூடி என்ன செய்கிறீர்கள்? காற்றோடு, அல்லது காற்றில்லாமல், ஒரே சொல். சூரியன் எங்கே நின்றது, செய்மதி எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தது என்பதும் வேண்டுமாம். சரி, மூன்று வரி! உங்களுக்குப் பெண் கேட்டுப் போனபோது மூன்றே வரியில் உங்களை விளங்கப்படுத்தியவன் நான். அது இதைவிடக் கஷ்டமான வேலை.

வியாழனுக்கு முன் வரைவிலக்கணத்தை முடிக்காவிட்டால் இந்த வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டாம். உங்கள் மனைவி சுஹைராவுக்கு எங்கள் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் தெளிந்த புத்தியையும் தருவானாக.

கோபத்திலும் அன்பு குறையாத,
ஸஹாப்தீன்

பி.கு.: கடித உறையை ஒட்டும் நேரம் கௌசிகா கோல் எடுத்தா. வரைவிலக்கணம் முடிவாகும்வரை, பட்டியல்கள் முரண்படும் வயல்களுக்கெல்லாம் கேள்வியில்லாமல் விதைநெல்லாம். இரண்டு பட்டியலிலும் கருகியதாகவே இருக்கும் பக்கத்து வயல் இராசையாவுக்குத்தான் இன்னும் நாலு படிவம் நிரப்ப வேண்டுமாம். முடிவானால் சலுகை நின்றுவிடுமாம். ஆகவே மச்சான், இது அவசரப்படுகிற விஷயமில்லை, ஆற அமர ஆராய வேண்டியது. வெள்ளி பின்னேரம் மூட்டை என் வீட்டுக்குள் வரும்வரை, அல்லாஹ்வுக்காக, ஒரு சொல்லும் எழுதிவிடாதீர்கள்.