எல்லாருக்கும் ஆமாம் போட்ட தவீசக்

என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த காலத்தில், தவீசக் அண்ணன் தன் கடையைச் சாத்திவிட்டு வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார். யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் புண்ணியம் அவரோடு இருக்கட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனிச் சொல்லப்போவது வேறு மாதிரி.

'ஆமாங்க' இனம் என்று ஒன்று உண்டு, பார்த்திருப்பீர்கள். விகாரை வாசலில் என் பூமாலைக் கடைக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்த இந்த அண்ணன் அதில் முதல் ஆள். அரசர் பக்கம் நிற்கும் மஞ்சள் சட்டைக் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் கழுத்தைச் சுற்றி மஞ்சள் துணி, அவர்களை எதிர்க்கும் சிவப்புச் சட்டைக்காரருக்குச் சிவப்புத் துணி, ராணுவம் ஆட்சிக்கு வந்த மறுநாள் காலையிலேயே புத்தம்புதிதாய் ஒரு பச்சைத் துணி, பிறகு இளவட்டங்கள் ஆரஞ்சு நிறத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அதற்கும் ஒன்று என்று, ஆட்சி மாற மாற அவர் கொடியில் காயும் துணிகள்தான் பெருகின. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தே வந்துவிட்டால்? பூப்போட்ட துணி. புதன்கிழமை மட்டும் அவருக்குக் கருத்தே கிடையாது. எங்கள் ஊரில் புதனன்று யாரும் முடி வெட்டிக்கொள்வதில்லை.

இப்படி இருக்கையில் அவர் மகள் கிங்கான் பேரூராட்சித் தலைவர் பதவிக்கு நின்றாள். எதிரே பழைய தலைவரும் அரிசி ஆலைக்காரரும். இரண்டு பேருமே அண்ணனிடம் தலையைக் கொடுப்பவர்கள். இரண்டு பேருக்கும் 'ஆமாங்க' சொல்லியாகிவிட்டது.

"ஊர் ஓட்டை நான் பாத்துக்கிறேன்ப்பா. உன் ஓட்டு எனக்குத்தானே?" என்று என் கடை முன்னாலேயே கேட்டாள்.

"ஆமாங்க" என்றார், பெற்ற மகளிடம்.

ஓட்டுச் சீட்டில் பிடித்தவர் ஒருவருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும், அவ்வளவுதான். எண்ணும்போது அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் விரித்துத் தூக்கிக் காட்டுவார். ஒரு சீட்டில் மூன்று கட்டத்திலும் மூன்று குறிகள், ஒவ்வொன்றும் கிருதா ஒதுக்கியதுபோல் அளவாக, சுத்தமாக. செல்லாத ஓட்டு. கூட்டம் மொத்தமும் திரும்பி அண்ணனைப் பார்த்தது. கிங்கானும் பார்த்தாள்.

கடைசியில் அவளும் பழைய தலைவரும் சரிசமம். சட்டப்படி பெயரெழுதிக் குலுக்கினார்கள். பழைய தலைவர் பெயர் வந்தது. அண்ணன் கைதட்டினார். பழக்கதோஷம்.

கிங்கான் அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டுக் கோராட் நகரத்துக்குக் குடிபோனாள். அண்ணனுக்குக் கண் மங்கி, கத்தரி பிடிக்க முடியாமல் போனபோது அவளே வண்டி கொண்டுவந்தாள். துணிமூட்டையை எல்லா நிறத்தோடும் ஏற்றினாள்.

சிரிக்கிறீர்களா? போன வாரம் தேநீர்க் கடையில் ஒருவர் அரசியல் பேசப் பேசத் தலையாட்டினீர்களே, பிறகு வந்தவர் நேர்மாறாகப் பேசியபோது அந்தத் தலை எந்தப் பக்கம் ஆடியது?

வண்டியில் ஏறப்போன அண்ணனுக்கு நான் ஒரு மல்லிகை மாலையைக் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. உங்களுக்கு யாரைத்தான் பிடிக்கும்?"

"நீ யாருக்குப் போட்ட, தங்கச்சி?"

"கிங்கானுக்குத்தான்."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டிக்குள் இருந்த மகளுக்குக் கேட்கும்படி, ஒரு பொட்டுப் பொய்கூடக் கலக்காமல் சொன்னார்:

"நானும் அவளுக்குத்தான் போட்டேன்."