பிரதம விருந்தினரின் கொத்தமல்லித் தண்ணீர்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய தம்பிஐயா அண்ணை அவர்கட்கு,

இளைப்பாறிய உப தபாலதிபர் பாலசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், மனைவி மீனாம்பிகையும், மகள் சயந்தினியும், என் இன்சுலினும் சுகம். அவ்விடம் கொழும்பில் நீங்களும், உங்கள் துணைவியார் சறோஜினி அக்காவும், உங்கள் மகனும் என் வருங்கால மருமகனுமான மிதுஷனும் சுகமாயிருக்க நயினை அம்மனை வேண்டுகிறேன். ‘வருங்கால’ என்ற சொல்லை வெட்டுவதா விடுவதா என்று பத்து நிமிடம் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். விட்டிருக்கிறேன். வெட்டும் உரிமை உங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை விழாவிலிருந்து நீங்கள் சாப்பிடாமலே வாகனத்தில் ஏறிப் போனதிலிருந்து ஒன்பது தரம் தொலைபேசி எடுத்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதுதான் கடிதம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க ஏலாது என்பது முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் இருந்தவனுக்குத் தெரியும். மேடையில் பேசிக்கொண்டிருந்த பிரதம விருந்தினரைப் பார்த்து “பேசினது காணும் அண்ணை, இருங்கோ!” என்று கத்திவிட்டு, அவருடைய பிளாஸ்கைப் பறித்துக் கடகடவென்று குடிக்கும் பொன்னாடை போர்த்த மனிதரின் காணொளியை ரொறொன்ரோ முதல் சூரிச் வரையுள்ள புங்குடுதீவார் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். அந்த மனிதர் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் காணொளியில் இல்லாத பகுதியை நீங்கள் அறிய வேண்டும்.

எங்கள் சனசமூக நிலையச் செயலாளர் லவன் மாஸ்ரர், முதலாம் வகை நீரிழிவோடு ஐம்பது வருடத்தைக் கடந்தவன் என்று எனக்குப் பாராட்டு விழா வைக்கப் புறப்பட்டபோதே நான் வேண்டாமென்றேன். காரணம் அடக்கமில்லை, பயம். கலியாணப் பேச்சில் நீங்கள் கேட்டபோது “கொஞ்சம் சீனி இருக்கு” என்று சொல்லியிருந்தேன். அறுபது வயதில் ஆருக்குத்தான் இல்லை என்று நீங்களும் சிரித்தீர்கள். பதினொரு வயதிலிருந்து ஊசியில் நிற்கிறேன், ஊசியை விட்டால் ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் ஒளித்தது மகளுக்குத் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஒளிச்சுக் கட்டுற கலியாணம் எனக்கு வேண்டாம் அப்பா. விழாவுக்குப் போங்கோ. மிதுஷன் வீட்டாரும் வந்து கேக்கட்டும்” என்றாள். அந்த விழாவுக்கே லவன் மாஸ்ரர் உங்களைப் பிரதம விருந்தினராக்குவார் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

மாஸ்ரர் நல்ல மனிதர். என் மேல் வைத்த அக்கறையில் மண்டபத்துக்குள் சீனி என்ற பொருளே இருக்கக்கூடாதென்று கட்டளை போட்டுவிட்டார். வாசல் தட்டத்தில் சந்தனம் இருந்தது, குங்குமம் இருந்தது, கற்கண்டு இல்லை. நிறைகுடத்தடியில் வாழைப்பழத்துக்குப் பதிலாக நாலு தேசிக்காய். இனிப்பில்லாத தேத்தண்ணி. என் சேட்டுப் பையில் எந்நேரமும் கிடக்கும் தோடம்பழ இனிப்பையும் கண்டுவிட்டார். “அண்ணை, இண்டைக்கெண்டாலும் வாயைக் கட்டுங்கோ” என்று பிடுங்கி முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அந்த இனிப்பு என் ஆசைக்கில்லை, சீனி இறங்கும் ஆபத்துக்கு என்று விளங்கப்படுத்துவதற்குள் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

அடுத்த பிழை என்னுடையது. அழைப்பிதழில் ‘பன்னிரண்டரைக்கு மதிய போசனம்’ என்று அச்சடித்திருந்தது. ஐம்பத்தொரு வருடமாக ஊசியோடு சீவிக்கிற ஒருத்தன் செய்யக்கூடாத மடைத்தனம் இதுதான் அண்ணை, அச்சடித்த நேரத்தை நம்பிப் பன்னிரண்டு மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் போய் இன்சுலினைப் போட்டுக்கொண்டு வந்து மேடையில் குந்தினேன். அதைப் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி ஆள் விழுந்துவிடும். நீங்கள் பேச எழுந்தீர்கள். சாப்பாட்டு வான் அப்போது வேலணையைத் தாண்டவில்லை.

உங்கள் பேச்சைக் குறை சொல்லவில்லை. வெள்ளைச் சீனி ஒரு நஞ்சு, நான் மூன்று வருடமாகத் தொட்டதில்லை, கொத்தமல்லித் தண்ணீர்தான் குடிக்கிறேன் என்று பிளாஸ்கை உயர்த்திக் காட்டினீர்கள். சனம் கைதட்டியது. ஒரு மணியாகியும் நீங்கள் நிறுத்தவில்லை. எனக்கு முதுகு வியர்த்தது, கொஞ்சத்தில் என் கண்ணுக்கு இரண்டு தம்பிஐயா பேசினார்கள், இரண்டு பேரும் நிறுத்துவதாயில்லை. கீழேயிருந்து மீனாம்பிகை “ஐயோ, அவருக்குச் சீனி இறங்குது!” என்று கத்தினாள். சயந்தினி என் முகத்தைக் கண்டவுடனேயே இனிப்பு வாங்க ஸ்கூட்டியில் கடைக்குப் பறந்துவிட்டாள். மாஸ்ரர் மட்டும் “சீனி கூடிட்டுது போலை” என்று ஓடிவந்து ஒரு கோப்பை பாவக்காய்ச் சாற்றை என் வாயில் வைத்தார்.

அப்போதுதான் அண்ணை, எறும்பைக் கண்டேன். மேசை விரிப்பின் மேலால் ஒரு வரிசை போய் உங்கள் பிளாஸ்கின் மூடியைச் சுற்றி நின்றது. எழுபத்து நாலாம் ஆண்டு வேலியடியில் நான் சலம் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்ததைக் கண்டுதான் அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவ. எறும்பு என்னிடம் பொய் சொன்னதில்லை. சீனி இல்லாத மண்டபத்தில் அதற்கு அங்கே என்ன வேலை? மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. பறித்தேன், குடித்தேன். பால் தேத்தண்ணி. ஒரு கோப்பைக்கு நாலு கரண்டிச் சீனி, குறையாது. பத்து நிமிடத்தில் ஒரேயொரு தம்பிஐயாவாகத் தெரிந்தீர்கள். அதற்குள் நீங்கள் படியிறங்கிவிட்டீர்கள்.

இந்த இரகசியம் என்னோடு மண்ணுக்குள் போகும். சறோஜினி அக்காவின் காதுக்கு ஒரு சொல் போகாது. சத்தியம். பிளாஸ்கையும் கழுவித் துடைத்து இக்கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இனி ஒரு கேள்வி. உங்கள் கோபம் தேத்தண்ணிக்கா, என் நீரிழிவு வருத்தத்துக்கா? தேத்தண்ணிக்கென்றால் கொழும்புக்கு வந்து உங்கள் காலில் விழுகிறேன். வருத்தத்துக்கென்றால் விழமாட்டேன். ஒளித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அது பிழை. ஆனால் வருத்தத்துக்கு நான் வெட்கப்படவில்லை. கண்ணாடிச் சிறிஞ்சை அவித்து, ஊசியைக் கல்லில் தீட்டிப் போட்ட பிள்ளை நான். கரண்ட் இல்லாத காலத்தில் இடம்பெயர்ந்திருந்த வீட்டுக் கிணற்றுக்குள் மருந்துப் போத்தலைக் கயிற்றில் இறக்கி, வாளி இடித்து உடைத்துவிடாமல் காவல் இருந்தவள் மீனாம்பிகை. எல்லாம் தெரிந்துதான் என்னைக் கட்டினவள். பொன்னாடை அவளுக்குத்தான் போர்த்தியிருக்க வேண்டும். என் மகள் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, “நான் சொல்லித்தானே போனீங்கள்” என்று அழுகிறாள். அவளை அழ வைக்காதீர்கள் அண்ணை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் வீட்டில் என்றும் சுகமும் சந்தோசமும் நிறைந்திருக்கவும், உங்கள் சீனி அளவாயிருக்கவும் அம்மன் அருள்வாளாக.

தங்கள் அன்பின்,
இ. பாலசிங்கம்

பி.கு.: மேலே எழுதிய பலதும் இப்போது செல்லாது. ஒட்டுவதற்கு முன் மீனாம்பிகை இதை வாசித்துப் பார்த்தாள். உங்களுக்குக் கடிதம் கிடைக்க நாளாகும் என்று நாலு பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அவளிடம் இருந்தது சறோஜினி அக்காவின் இலக்கம் மட்டும்தான். என் சத்தியம் அரை மணித்தியாலம் நின்றது. அக்கா உடனே எடுத்தா. “கொத்தமல்லித் தண்ணியை ஆரும் அப்பிடி ருசிச்சுக் குடிக்கமாட்டினம் எண்டு காணொளியைப் பாத்தவுடனை யோசிச்சனான். இந்தாள் உங்கடை வருத்தத்துக்குப் பயந்து ஓடி வரேல்லை, எனக்குப் பயந்து ஓடி வந்தவர். போனையும் அதுக்குத்தான் எடுக்கேல்லை. ஐம்பது வருசம் தன்ரை உடம்பைப் பாத்த மனுசன் எனக்குச் சம்பந்தியா வாறது பெருமை. தையிலை கலியாண நாளைப் பாருங்கோ” என்றா. சயந்தினி இப்போது குசினியில் புட்டுக்கு மேல் புட்டாக வைத்துச் சாப்பிடுகிறாள். பிளாஸ்கை அனுப்பவில்லை. அக்காவின் உத்தரவு. கலியாணத்தன்று அதற்குள் மெய்யான கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றி உங்கள் பக்கத்தில் வைப்பேன். என் மடியில் தோடம்பழ இனிப்பு இருக்கும், தலை சுற்றினால் கண்ணைக் காட்டுங்கள். கலியாண அழைப்பிதழில் நேரத்தை நீங்கள் விரும்பியபடி அச்சடியுங்கள், எனக்கு ஆட்சேபனையில்லை. சோறு என் இலையில் விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகுதான் நான் ஊசி போடுவேன்.