எதுக்கும் சாரும் மூன்று பிளாப்பிகளும்

உலகம் ஒருநாள் அழிந்துபோனால் யாரும் கவலைப்பட வேண்டாம். அதன் நகல் ஒன்று எதுக்கும் சார் வீட்டுப் பரணில் கட்டாயம் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருமானூர்ப் பக்கம் ஒரு கரும்பு எடைமேடையில் நாங்கள் வேலை பார்த்தோம். நான் சீட்டு போடும் கிளார்க், அவர் கம்ப்யூட்டரைக் கவனிப்பவர். "எதுக்கும் இன்னொண்ணு இருக்கட்டும்" என்று சொல்லாமல் எதையும் செய்ய மாட்டார். அதனால் அந்தப் பெயர். பையில் இரண்டு பேனா, கையில் இரண்டு கடிகாரம், சைக்கிளுக்கு இரண்டு பூட்டு.

இரண்டு பூட்டின் சாவியையும் ஒரே வளையத்தில் போட்டிருந்தார். ஒருநாள் வளையமே தொலைந்தது. மாற்றுச் சாவி இருக்கிறதே என்று தேற்றினோம். அது, ஊருக்குப் போன மனைவி பூட்டிச் சென்ற வீட்டுக்குள் இருந்தது. வீட்டுச் சாவியும் அதே வளையத்தில். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுவரை நடந்த மனிதர், "இனிமே எதையும் ஒரே எடத்துல வைக்கக் கூடாது சார்" என்று சபதம் செய்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மேடையில் ஏறும் பாரத்தைக் கிலோவாக மாற்ற ஒரு எண் வேண்டும். எடைக்கல் வைத்துச் சரிபார்த்த அந்த எண் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஃபைலில் இருந்தது. கரும்பு மும்முரமாக வரும் ஒரு காலையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்த ஃபைல் காலி. வெறும் மேடை நான்கு டன் காட்டியது. செல்லக்கண்ணு என்ற விவசாயியின் டிராக்டர் ஏறியதும் அது மூன்றரையாகக் குறைந்தது.

"போன வாரச் சீட்டப் பாத்து ஒரு நம்பரப் போட்டு வுடுங்கய்யா. கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா குடியா முழுகிடும்?" என்றார் மானேஜர். தானே ஒரு எண்ணை யோசித்துக் கரும்பலகையில் எழுதியும் விட்டார்.

டிராக்டரை விட்டு இறங்கி வந்து செல்லக்கண்ணுவும் கெஞ்சினார். "ஏதாச்சும் ஒண்ணு போட்டுக் குடுங்க சார். நேத்து வெட்டுனது, வெயில்ல நிக்க நிக்கக் காஞ்சி எடை கொறையுது."

"வருஷம் பூரா வளத்த கரும்ப குத்துமதிப்பா போடச் சொல்றீங்களே அண்ணே. தோகையப் போட்டு மூடி வைங்க. தண்ணி மட்டும் தெளிச்சிடாதீங்க, எடை ஏறிடும்" என்றார் எதுக்கும் சார். பிறகு மானேஜரிடம் திரும்பினார். "மூணு மணிக்குள்ள பழைய ஃபைலக் கொண்டாறேன். வரலன்னா உங்க நம்பரப் போட்டுக்குங்க."

கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் சுருக்கி மூன்று பிளாப்பிகளில் ஏற்றி, ஒன்று ஏலாக்குறிச்சியில், ஒன்று ஆண்டிமடத்தில், ஒன்று அரியலூரில் என்று பிரித்து வைத்திருந்தார். ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும் என்பது அவர் எண்ணம். ஆனால் அவை ஒரே நகலின் மூன்று துண்டுகள். ஒன்று தொலைந்தால் மூன்றும் வீண் என்பது என் பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஏலாக்குறிச்சியில் முதல் பிளாப்பி ஒரு டீச்சரிடம் இருந்தது. அவர் அசையவில்லை.

"நீங்க எழுதின லெட்டர் இல்லாம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே சார்."

"சொன்னதே நான்தான் டீச்சர்."

"அதான் சார், லெட்டர் எங்க?"

எதுக்கும் சார் பூரித்துப்போனார். இப்படி ஓர் ஆளிடம் கொடுத்துவைத்தோமே என்று அங்கேயே உட்கார்ந்து, கார்பன் வைத்து, தன்னிடமே கொடுக்கும்படி லெட்டர் எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரியலூரில் அவருடைய சொந்த வீடு. அங்கே இருந்தது மூன்றாவது பிளாப்பி. பத்திரமாக வைத்த இடம் அவருக்கு மறந்துவிட்டது. அவர் மனைவி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டி, "பத்திரமா இருக்கான்னு பாக்க போன வாரமும் இதத்தான தேடுனீங்க?" என்றார்.

ஜெயங்கொண்டத்தில் பஞ்சர். "எதுக்கும் ரெண்டு பைக்ல வந்திருக்கலாம்" என்றார். ஆண்டிமடத்தில் அவர் தங்கை, முந்திரி மூட்டைகளுக்கு நடுவே, இரண்டாவது பிளாப்பியைப் பால் சொம்புக்கு மூடியாக்கியிருந்தாள். "சரியாப் பொருந்துச்சுண்ணே" என்றாள். அவர் திட்டவில்லை. சட்டையில் துடைத்து, திருமானூர் வரும்வரை காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். எதிரில் வந்த பஸ்களெல்லாம் நாங்கள் நிறுத்தச் சொல்வதாக நினைத்து வேகத்தைக் குறைத்தன.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் உள்ளே ஓடினோம். எது எதில் இருக்கிறது என்ற பட்டியலுக்காகக் கம்ப்யூட்டர் முதலில் மூன்றாவது பிளாப்பியைக் கேட்டது. பிறகு, அந்தச் சின்ன ஃபைல் முழுதும் இருந்த முதலாவதைக் கேட்டது. கரகரவென்று சத்தம் போட்டு ஃபைலைக் கக்கிவிட்டது. இரண்டாவதைக் கேட்கவே இல்லை.

"ஆண்டிமடம் வரைக்கும் எதுக்கு சார் போனோம்?" என்று எகிறினேன்.

"கேக்கல, சரி. கேட்டிருந்தா?" என்றார்.

வெறும் மேடை பூஜ்யம் காட்டியது. செல்லக்கண்ணுவின் பாரம் ஏறியது. எதுக்கும் சார் சரியான எடையையும், மானேஜரின் எண்ணைப் போட்டால் வந்திருக்கும் எடையையும் ஒரு காகிதத்தில் அருகருகே எழுதினார். அந்த ஒரு லோடிலேயே முந்நூறு கிலோ அடிபட்டிருக்கும். பின்னால் இன்னும் பதினோரு டிராக்டர் நின்றன. மானேஜர் கைக்குட்டையால் கரும்பலகையைத் துடைத்தார்.

செல்லக்கண்ணு காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலைல இந்த நம்பரத்தான போட இருந்தாங்க? நான் வந்து கெஞ்சறதுக்கு முன்னாலயே மொதல்ல யாரு சார் தடுத்தது?"

"எங்க கிளார்க் சார்தான் வேணாம்னாரு. பைக்கும் அவருதுதான்" என்றார் எதுக்கும் சார்.

செல்லக்கண்ணு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். காலையில் மானேஜர் சொன்னதும் அந்த எண்ணைத் தட்ட கீபோர்டில் விரல் வைத்தவன் நான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தவர் எதுக்கும் சார். இதை இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேனே, அது மரியாதையால் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை சார், பிரியம்.