மனசளவில் உங்கள் பக்கம்

அலுவலகம் என்று ஒன்று இருக்கும்வரை அழியாத ஓர் இனம் உண்டு. கூட்டத்தில் அது வாய் திறக்காது. கூட்டம் முடிந்து, கதவு சாத்தி, மேலாளரின் காலடிச் சத்தம் மாடிப்படியில் தேய்ந்த பிறகு, நடைவழியில் உங்கள் முழங்கையை மெல்லத் தொட்டு, "நீ சொன்னது ரொம்ப சரி" என்று காதோரம் சொல்லும். நடைவழி ஆதரவாளர் என்று வைத்துக்கொள்வோம். கத்துகிற மேலாளரிடமிருந்து ஒதுங்கிப் போகலாம். காக்கா பிடிப்பவரைத் தூரத்திலேயே கண்டுகொள்ளலாம். இவரிடம் அது நடக்காது. ஏனென்றால் இவர் நல்லவர். அதுதான் சிக்கலே.

டென்மார்க்கின் கோல்டிங் நகரில், குழந்தைகளுக்குக் கட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவின் தலைவராக இருந்த தோர்கிலைப் பாருங்கள். எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். குளிர்காலத்தில் கூட்ட மேசையில் மெழுகுவத்தி ஏற்றுபவர் அவர்; வெள்ளிக்கிழமை காலைச் சிற்றுண்டியில் பட்டைத்தூள் போட்ட சுருள் ரொட்டியைப் பாதிப் பாதியாக வெட்டி, யாரும் கூச்சப்படாமல் எடுக்கும்படி தட்டில் அடுக்குபவரும் அவரே. அவருக்கு ஒரு எதிரிகூட இல்லை. எதிரி சேர வேண்டுமானால் ஒரு கருத்தாவது வேண்டாமா?

அவர் பிரிவில் கட்டில்களைச் சோதித்துப் பார்ப்பவள் மெரெத்தே. ஒரு ஜனவரி காலை, புதிதாக வந்த கட்டில் ஒன்றைக் குளிர்ந்த கிடங்கிலிருந்து அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பக்கச் சட்டத்தை அழுத்திப் பாரு. ஒரு குழந்தை சாஞ்சா எவ்வளவு பாரமோ அவ்வளவுதான்."

தோர்கில் அழுத்தினார். சட்டம் படாரென்று கீழே இறங்கியது. குளிரில், சட்டத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கி சுருங்கிவிடுகிறது, பிடிப்பதில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் ஒரு பேரன் இருந்தான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற வயதில்.

"கட்டில் ஏத்திட்டுப் போற லாரியை நிறுத்தச் சொல்லணும் தோர்கில். நாளைக்குக் கூட்டத்துல பேசப் போறேன்."

"பேசு. கட்டாயம் பேசு. நான் இருக்கேன்."

அவர் பொய் சொல்லவில்லை. இருந்தார். ஜன்னலோர நாற்காலியில் இருந்தார்.

மெரெத்தே பேசி முடித்ததும், நிர்வாக இயக்குநர் பிரெபன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இங்கேயும் ஜெர்மனியிலும் கடைகள் காத்திருக்கின்றன, பத்து சோதனையில் ஏதோ ஒன்று இப்படித்தான் போகும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"தோர்கில், இது உன் பிரிவு. நீ என்ன நினைக்கிற?"

மேசையில் எல்லா முகங்களும் அவரை நோக்கித் திரும்பின. மெரெத்தேயின் முகமும். தோர்கில் மெழுகுவத்தியின் திரியைச் சரிசெய்தார்.

"மெரெத்தே ரொம்ப கவனமா வேலை செய்யறவ. அதைச் சொல்லியே ஆகணும்."

"சரி. லாரி போகலாமா, வேண்டாமா?"

"இதுல ரெண்டு பக்கமும் பாக்கணும். எல்லாருமா சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்."

"அப்போ யாருக்கும் ஆட்சேபணை இல்ல," என்றார் பிரெபன்.

லாரி போயிற்று. தோர்கில் நடைவழிக்குப் போனார். அதுதானே அவருடைய களம்?

"உன் தைரியம் எனக்கு வராது மெரெத்தே."

"தைரியம் வேண்டாம். ஒரு வார்த்தை வந்திருந்தா போதும்."

"உள்ளுக்குள்ள நான் எப்படிக் கொதிச்சேன் தெரியுமா?"

"வெளிய ஆவிகூட வரலையே."

அவருக்கு மனம் புண்பட்டது. அன்றைக்கு வீட்டில் உருளைக்கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டே மனைவி இங்கரிடம், "ஆபீஸ்ல இன்னிக்குப் பெரிய போராட்டம்" என்று சொன்னார். நீ என்ன சொன்னாய் என்று அவள் கேட்டதற்கு, "நான் முழுக்க மெரெத்தே பக்கம்" என்றார். போராடியவரைவிடப் போராட்டம் இவரைத்தான் அதிகம் களைக்க வைக்கும். இந்த இனத்தின் குணம் அது.

மெரெத்தே விடவில்லை. பார்க்கிற ஆளிடமெல்லாம் கொக்கியைப் பற்றிப் பேசினாள். அவளுக்குச் சேர்ந்து வேலை செய்யும் மனப்பான்மை போதவில்லை என்று கண்டுபிடித்து, அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றல் முடிவான கூட்டத்திலும் தோர்கில் இருந்தார். பிறகு ட்யூலிப் கொத்து வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். அவள் பூவை வாங்கிக்கொண்டாள். அந்த மாதமே வேலையை விட்டு, வெய்லே ஊரில் ஒரு தொழிற்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

வசந்தம் வந்தது. குளிர் இன்னும் விடாத ஒரு காலையில் ஹோர்சன்ஸ் ஊரில் ஒரு பெண்குழந்தை கட்டிலில் எழுந்து நின்று சாய்ந்தது, சட்டம் இறங்கியது, கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. பத்திரிகையில் படம் வந்தது. அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தார். தோர்கில் மெரெத்தேவுக்குப் போன் செய்தார்.

"நான் அப்பவே உன் பக்கம்தான் இருந்தேன்னு நீ அவங்ககிட்ட சொல்லணும்."



"சொல்றேன்," என்றாள். "இருந்தியே."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். அவர் சட்டத்தை அழுத்தியது, முகம் வெளுத்தது, நடைவழியில் சொன்னது எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மறுநாள் விசாரணை அதிகாரி தோர்கிலைக் கூப்பிட்டார். நரைத்த குட்டைமுடி வைத்த, அவசரமே இல்லாத பெண்மணி.

"அப்போ சட்டம் விழும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும். எனக்கு ரொம்பக் கவலையா இருந்தது."

"அந்தக் கவலையை யார்கிட்ட சொன்னீங்க?"

"மெரெத்தேகிட்ட."

"உங்களுக்கு அதைச் சொன்னதே அவங்கதானே?"

தோர்கில் வாயைத் திறந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். இந்த முறை ஒரு பக்கம்தான் இருந்தது. அழுத்தியபோது உள்ளங்கையில் சட்டம் நழுவியதே, அந்த நழுவல் திரும்பவும் கையில் தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். உண்மையாகவே அழுதார். அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அப்புறம் என்ன? கட்டில்களைத் திரும்ப வாங்கினார்கள். பிரெபன் கைநிறையப் பணம் பெற்றுக்கொண்டு வேறொரு கம்பெனிக்குப் போனார். புது நிர்வாகம், ஊழியர்களின் மனச்சாட்சியை உறுத்தும் குறைகளை ரகசியமாகக் கேட்க ஒரு பதவி ஏற்படுத்தியது. பொறுமையாகக் கேட்கத் தெரிந்த, எல்லோருக்கும் பிடித்த ஆள் வேண்டும். தோர்கிலைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மெத்தை நாற்காலி போட்ட சின்ன அறை. முதல் வாரமே வர்ணம் அடிக்கும் பிரிவிலிருந்து சீவ் என்ற பெண் வந்தாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வர்ண நெடியை வெளியேற்றும் காற்றாடியை நிறுத்திவைக்கிறார்கள், எல்லோருக்கும் தலை சுற்றுகிறது என்றாள். தோர்கில் குறுக்கே பேசாமல் கேட்டார். கண் கலங்கினார். பாரம் இறங்கிய மனசோடு அவள் போனாள். அவர் உடனே எழுந்து புது இயக்குநரின் அறைவரை போனார், கதவைத் தட்டக் கையையும் தூக்கினார். உள்ளே யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு செய்ய வேண்டாமே என்று திரும்பிவிட்டார். காற்றாடி இன்னும் ஓடவில்லை.

சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் இது யார் என்று ஒரு பெயரும் நினைவுக்கு வந்திருக்கும். நல்லது. போன கூட்டத்தில் ஒருவர் தனியாக எழுந்து நின்று, துணைக்கு யாராவது உண்டா என்று மேசையைச் சுற்றிப் பார்த்தாரே, அப்போது நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? போனையா, கோப்பையின் அடியையா? இதற்குப் பதில் வேண்டாம். இந்தக் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று என்னைத் தனியாக ஓரம் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றினால் மட்டும், தயவுசெய்து நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.